ஒரு கூரைக்குக் கீழே எத்தனை பேர்?

200 கிராம் எவ்வளவு கனம்? கடையில் விற்கும் சின்னத் தண்ணீர்ப் போத்தலில் பாதிகூட வராது. நன்றாக விளைந்த ஒரு மாம்பழம் அதைவிடக் கனக்கும். இந்த 200 கிராமைச் சுமப்பதா, விட்டுவிடுவதா என்று நான் மூன்று வாரம் யோசித்தேன் என்றால் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டிலும் சிரித்தார்கள். ஆனால் அந்த 200 கிராமுக்குள் ஒரு கேள்வி இருந்தது. தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒருவன், பிறருக்கென்று எவ்வளவு இடம் ஒதுக்கி வைக்க வேண்டும்? அவர்கள் கேட்ட பிறகா, கேட்பதற்கு முன்பேயா? கடைசிவரை யாருமே கேட்கவில்லை என்றால் அந்த இடம் வீண்தானா?

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன்.

மலையேறிக் காட்டில் இரவு தங்குகிறவர்கள் சிலர் கூடாரம் கொண்டு போவார்கள். சிலர் இரண்டு மரத்துக்கு நடுவே தொட்டில் கட்டிப் படுப்பார்கள். இன்னும் சிலர் வெறும் தார்ப்பாயோடு போவார்கள். தார்ப்பாய் என்றதும் லோரிமேல் போர்த்துகிற நீலக் கித்தானை நினைக்க வேண்டாம். நம் நாட்டு மலையேறிகளிடம் ‘ஃபிளைஷீட்’ என்றால் சட்டென்று புரியும். மெல்லிய துணி, மூலைக்கு ஒரு கயிறு, நடுவில் ஒரு முகட்டுக் கயிறு, அவ்வளவுதான். தரை கிடையாது, கதவு கிடையாது, ஜிப் கிடையாது. கொசுவலையும் கீழே விரிக்கும் சீட்டும் தனி. கூடாரத்தைவிட மிகவும் லேசு. அட்டைகளுக்கு மட்டும் இது திறந்த வீடு. அதற்கு வேறு வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதைக் கடையில் வாங்கலாம். நான் தைத்தேன். பணம் மிச்சம் பிடிப்பதற்காக அல்ல. துணி, நூல், நாடா, பசை, அஞ்சல் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பெரிய மிச்சம் ஒன்றும் இல்லை. கடைப் பொருளில் ‘இவ்வளவு போதும்’ என்பதை வேறு யாரோ நமக்காக முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். ‘ஒருவருக்கு’, ‘இருவருக்கு’ என்று பையிலேயே அச்சடித்திருக்கும். நாம் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுவோம். தைக்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது. கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு வரவேற்பறையில் துணியை விரித்து அதன்முன் மண்டியிட்டு உட்காரும்போது, ‘போதும்’ என்ற சொல்லை அவனே சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு வெட்டியாக வேண்டும்.

நான் வாங்கியது சில்நைலான் என்ற துணி. மெல்லிய நைலானில் சிலிக்கானை ஊற வைத்திருப்பார்கள். தண்ணீர் இறங்காது. சதுர மீட்டருக்கு 45 கிராம் போல இருக்கும். அகலம் ஒன்றரை மீட்டர். இதில் 3 மீட்டர் நீளத்துக்கு ஒரே துண்டாக வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, மூலையில் நாடா வைத்தால் ஓர் ஆளுக்கான தார்ப்பாய் தயார். நாலரை சதுர மீட்டர், சுமார் 200 கிராம். ஒருவர் கையைக் காலை அடக்கிக்கொண்டு படுக்கலாம். இரண்டு அகலங்களைப் பக்கத்தில் பக்கமாக வைத்து இணைத்தால் 3 மீட்டருக்கு 3 மீட்டர். 9 சதுர மீட்டர், சுமார் 400 கிராம். இருவர் தாராளமாகப் படுக்கலாம். நெருக்கி உட்கார்ந்தால் ஐந்தாறு பேர்கூட மழைக்கு ஒதுங்கலாம்.

ஆக, இன்னொரு மனிதனின் எடை 200 கிராம்.

அந்த இன்னொரு மனிதன் யார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் குழுவில் ஒவ்வொருவரும் தத்தம் கூரையைத் தாங்களே கொண்டு வர வேண்டும் என்பதுதான் விதி. பட்டியலின்படி பார்த்தால் என் இரண்டாவது அகலத்துக்கு ஆளே இல்லை.

எடை மட்டும் கூடினால் பரவாயில்லை. ஒரே அகலத்தில் தைக்கும் தார்ப்பாய்க்கு முகட்டில் தையல் கிடையாது. நம் தலைக்கு மேலே முழுத் துணி. இரண்டாவது அகலத்தைச் சேர்த்தால் நட்ட நடுவில் 3 மீட்டருக்குத் தையல் ஓடும். ஜீன்ஸ் காற்சட்டைக் காலில் இரண்டு வரிசையாக ஒரு தையல் இருக்குமே, துணியின் ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து உள்ளே அடங்கிவிடும், அந்தத் தையல்தான் இதற்குத் தாங்கும். இரண்டு வரிசை என்றால் 6 மீட்டர். தையலுக்குத் தையல் 3 மில்லிமீட்டர் வைத்தால் 2,000 தடவை ஊசி இறங்கும். மழையைத் தடுக்க வாங்கிய துணியில், தலைக்கு நேர் மேலே, நாமே 2,000 ஓட்டை போடுகிறோம்! பிறகு சிலிக்கான் பசையை மினரல் ஸ்பிரிட்டில் கரைத்துத் தூரிகையால் அந்தத் தையல் முழுக்கப் பூசி ஒரு நாள் காயவிட வேண்டும். இன்னோர் ஆளுக்கு இடம் கொடுப்பது என்றால் வேலை, எடை, கசிவுக்கான வாய்ப்பு மூன்றும் சேர்ந்தே வருகின்றன. ‘மனமிருந்தால் போதும்’ என்று மேடையில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மனத்தோடு தூரிகையும் வேண்டும்.

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தையல் இயந்திரம் அவருடையது. காலால் மிதிக்கும் பழைய சிங்கர். தோட்டத்தில் இருந்த காலத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிச் சீருடை தைத்தவர். அவர் தைத்த சட்டையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடிந்திருக்கும். பாவாடையின் கீழ் மடிப்பு இன்னும் பெரிதாக இருக்கும். “வளர்ற புள்ள” என்பார். அடுத்த வருடம் தையலைப் பிரித்து இறக்கிவிட்டால் சீருடை இன்னொரு வருடம் வரும். இன்று இல்லாத உயரத்துக்கும் சேர்த்து இன்றே துணி விட்டு வைப்பது. எந்தத் தையற்காரியும் அதைத் தத்துவம் என்று சொல்லிக்கொள்வதில்லை.

நான் துணியை விரித்து அளந்துகொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்தார்.

“யாருக்குடா இது?”

“எனக்குத்தான்மா. மலைக்குக் கொண்டு போக.”

“ஒரு ஆளுக்கு மட்டுமா? நீங்கதான் பத்துப் பேரு கூட்டமா போறீங்களே?”

“எல்லாரும் அவங்கவங்களுது கொண்டு வருவாங்கம்மா.”

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மீதித் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். அது போதாதா எனக்கு!

இதைப் படிக்கும் சிலர், எடையைக் குறைப்பதே சுயநலம் என்று நான் சொல்ல வருவதாக நினைக்கலாம். இல்லை. லேசாக நடப்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு. கனமான பையைச் சுமந்து முழங்கால் பிடித்துக்கொண்டவரை மற்றவர்கள்தான் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவர வேண்டும். களைத்தவன் காலை எங்கே வைக்கிறோம் என்று பார்க்கமாட்டான். 1990களில் அமெரிக்காவில் ரே ஜார்டின் என்பவர் இந்த லேசு நடையைப் பற்றி எழுதிப் பலரை மாற்றினார். பாறையேற்றக் கருவி ஒன்றைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்கியவர் அவர். கூடாரத்தை விட்டுவிடு, தார்ப்பாயை நீயே தைத்துக்கொள் என்பது அவருடைய வாதம். இன்று ‘அல்ட்ராலைட்’ என்று சொல்கிறவர்கள் உணவு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாகப் பையின் எடை 10 பவுண்டுக்குள், அதாவது நாலரைக் கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பல் துலக்கும் தூரிகையின் கைப்பிடியைப் பாதியாக அறுப்பவர்களும் உண்டு. அது அவரவர் மகிழ்ச்சி. ஆனால் அந்த ஜார்டின் தன் மனைவி ஜென்னியோடு நடந்தவர். அவர்கள் தார்ப்பாய் இருவருக்கானது. எடையை இத்தனை கறாராகக் குறைத்தவரும் கூரையை ஒற்றை ஆளுக்குச் சுருக்கிக்கொள்ளவில்லை.

அவருக்கும் முன்னால் எம்மா கேட்வுட் என்ற பாட்டி ஒருவர் இருந்தார். 11 பிள்ளைகளைப் பெற்றவர். 1955-ல், 67 வயதில், அமெரிக்காவின் அப்பலேச்சியன் நடைபாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். 3,000 கிலோமீட்டருக்கும் மேல். தோளில் அவரே டெனிம் துணியில் தைத்த ஒரு பை. காலில் சாதாரணக் கேன்வாஸ் காலணி. மழைக்குக் குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை! இதைவிட லேசாக யார் நடப்பது? அதே சமயம் அவர் பல இரவுகள் வழியில் இருந்த வீடுகளின் கதவைத் தட்டினார். சிலர் உள்ளே அழைத்துச் சோறு போட்டார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். அவருடைய பை லேசாக இருந்ததற்கு, கதவைத் திறந்த அந்த வீடுகளின் கூரையும் ஒரு காரணம். நான் அவரைக் குறை சொல்லவில்லை. தலைவணங்குகிறேன். ஆனால் பையின் எடையைத் தராசில் வைத்துச் சொல்லும்போது, நாம் சுமக்காத எடை எங்கே போனது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? சில நேரம் அது உண்மையிலேயே காணாமல் போகிறது. தேவையில்லாத இரண்டாவது ஜீன்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. சில நேரம் அது பக்கத்தில் நடப்பவன் பைக்கு மாறிவிடுகிறது. டார்ச்லைட் பேட்டரி, உப்பு, அடுப்பு, கொசு மருந்து என்று எல்லாம் ‘யாராவது வச்சிருப்பாங்க’ கணக்கில் போகும். அந்த ‘யாராவது’ யார் என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும். எல்லா மலையிலும் அதே ஆள்தான்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் எல்லாரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். இருபது வருடமாக மலையேறுகிறவர். என் இரண்டாவது அகலத்தைப் பற்றி அவரிடம் சொன்னபோது முகத்தைச் சுளித்தார்.

“தம்பி, நீ இடம் வச்சிருக்கேன்னு தெரிஞ்சா அடுத்த தடவ ரெண்டு பேரு ஒன்னுமே இல்லாம வருவான். அவனவன் சுமைய அவனவன் தூக்கணும். அப்பதான் பொறுப்பு வரும். நீ நல்லது பண்றேன்னு நெனச்சி அவனக் கெடுக்கிற.”

இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. அவர் சொன்னது உண்மை என்பதற்கு எங்கள் குழுவிலேயே சாட்சி உண்டு. குடும்பத்திலும் இதைப் பார்க்கிறோம். எப்போதும் கடன் கொடுக்கிற அண்ணன் இருந்தால் எப்போதும் கடன் வாங்குகிற தம்பி இருப்பான். உதவி என்பது சில நேரம் ஒருவனைச் சிறுவனாகவே வைத்திருக்கும் வேலை. ‘கொடுப்பது நல்லது’ என்ற ஒற்றை வாக்கியத்தை வைத்துக்கொண்டு அண்ணனுக்குப் பதில் சொல்லிவிட முடியாது.

பதில் எனக்கு உலு லங்காட்டில் கிடைத்தது. நுவாங் மலை. 1,493 மீட்டர், சிலாங்கூரின் உயரமான மலைகளில் ஒன்று. ஏறியவர்களுக்குத் தெரியும், முதலில் வரும் அந்த முடியாத மண்பாதையே ஆளைச் சோதித்துவிடும். அதன் பிறகு ஆற்றோரத்தில் லோலோ முகாம். சில வருடங்களுக்கு முன் நாங்கள் அங்கே தங்கியபோது மாலை நான்கு மணிக்கே வானம் இருட்டிவிட்டது. ஐந்து மணிக்கு மழை. நம் ஊர் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கு முதல் தடவையாக வந்திருந்த தம்பி ஒருவன். கல்லூரி மாணவன். விதிப்படி அவனும் ஃபிளைஷீட் கொண்டுவந்திருந்தான். அவன் மாமாவுடையது. வீட்டு ஸ்டோரில் பல வருடம் மடித்து வைத்திருந்தது. விரித்தபோது உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டியது. பாலியூரிதீன் பூச்சுக்கு ஈரமும் சூடும் ஆகாது. நம் நாட்டு வெக்கையில் அடைத்து வைத்தால் பூச்சு மெல்லச் சிதைந்து உரிந்துவிடும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். அவனும் அதைக் கட்டினான். பத்து நிமிடத்தில் வடிகட்டி மாதிரி ஒழுகியது. அவன் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதன் கீழேயே உட்கார்ந்திருந்தான்.

பொறுப்பில்லாதவனா இவன்? சொன்னதைக் கொண்டுவந்தான். வந்த பொருள் கைவிட்டது. ஆனால் அந்த மழையில், அந்த இருட்டில், பத்தடி தள்ளி நின்று பார்த்தால், அலட்சியமாக வந்தவனும் பாவம் ஏமாந்தவனும் ஒரே மாதிரிதான் நனைகிறார்கள். யார் எவன் என்று விசாரித்து முடிப்பதற்குள் இருவருக்கும் குளிர் ஏறிவிடும். பொறுப்பைப் பற்றிக் கேட்க வேண்டிய இடம் மலையடிவாரத்துக் கார் நிறுத்தம். அங்கே ஒவ்வொருவனுடைய பையையும் திறந்து பாருங்கள். இல்லாதவனை வீட்டுக்கு அனுப்புங்கள். கோபப்படுங்கள், நான் அண்ணன் பக்கம் நிற்கிறேன். மேலே மழை விழுந்த பிறகு அந்தக் கேள்விக்கு நேரம் கடந்துவிட்டது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள், ‘வீட்டிலிருந்து ஏன் தண்ணீர் கொண்டு வரவில்லை’ என்று யாரையாவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

“தம்பி, இங்க வா” என்றேன்.

“பரவால்ல அண்ணே, நான் சமாளிச்சிக்கிறேன்.”

மூன்று தடவை கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் அண்ணன்தான் எழுந்து போய், தன் பையிலிருந்த ஒரே காய்ந்த சட்டையை அவன் கையில் திணித்து, “போடா, அங்க போயி மாத்திக்க” என்று அதட்டி அனுப்பி வைத்தார். அவர் தார்ப்பாய் ஒற்றை அகலம். அதில் இடமில்லை. ஆனால் சட்டையைக் கொடுத்தவர் அவர்தான். ‘அவனவன் சுமை’ என்று பேசுகிற வாய்க்கும் அந்தக் கைக்கும் எப்போதுமே ஒத்துப்போனதில்லை.

எனக்கு அந்த இரவில் மனத்தில் தங்கியது வேறு. அவன் ஏன் வரத் தயங்கினான்? இடம் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தும் ஏன் நனைந்துகொண்டிருந்தான்? வாங்குகிறவனுக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. கொடுக்கிறவன் அதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. கொடுத்த நிறைவில் இருப்பான். பிறருக்கு இடம் வைத்திருப்பது பாதி வேலைதான். அந்த இடத்துக்குள் ஒருவன் தலைகுனியாமல் வர வழி இருக்கிறதா என்பது மீதிப் பாதி.

நம்முடைய பழைய கடைத்தெருக்களில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. அஞ்சடி. கடைவீடுகளின் முன்னால் மாடிக்குக் கீழே ஓடும் அந்த நடைபாதை. 1822-ல் சிங்கப்பூர் நகரத்துக்கு ராஃபிள்ஸ் வகுத்த விதிகளில், ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் எந்நேரமும் திறந்திருக்கும், ஒன்றோடொன்று தொடரும் தாழ்வாரம் இருக்க வேண்டும் என்று இருந்தது. பின்னர் மலாயாவின் பல நகரங்களிலும் அதே மாதிரி கட்டினார்கள். மண் உங்களுடையது, கூரை உங்களுடையது, ஆனால் அதில் ஐந்தடி வழியில் போகிறவனுக்கு. நம் தாத்தாக்கள் சம்பளத்தன்று டவுனுக்கு வந்தபோது மழைக்கு ஒதுங்கியது அந்த அஞ்சடியில்தான். அங்கே ஒதுங்குகிறவன் கடைக்காரரிடம் அனுமதி கேட்பதில்லை, நன்றி சொல்வதில்லை, கடன்பட்டதாக நினைப்பதும் இல்லை. மழை விட்டதும் நடந்துவிடுவான். கொடுத்தவர் யார் என்றே தெரியாத கொடை.

அதுவும் சும்மா வந்துவிடவில்லை. கடைக்காரர்கள் அஞ்சடியைச் சாமான்களால் அடைத்தார்கள். சிங்கப்பூரில் 1888-ல் அதைக் காலி செய்ய நகராட்சி இறங்கியபோது கலகமே நடந்தது. ஐந்தடியை விட்டுக்கொடுக்கச் சட்டமும் வேண்டியிருந்தது, சண்டையும் வந்தது. மனிதர்கள் அப்படித்தான். ஐந்தடி என்பது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். என் இரண்டாவது அகலமும் அதே அளவுதான் என்பது வெட்டி முடித்து வெகு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

காட்டில் அஞ்சடி கட்ட முடியாது. ஆனால் நுவாங்குக்குப் பிறகு நான் தார்ப்பாய் கட்டும் விதம் மாறிவிட்டது. முகாமுக்குப் போனதும் முதல் வேலையாகக் கட்டுவேன், மழை வருவதற்கு முன்பே. நடுவில் கட்டுவேன், ஒதுக்குப்புறமாக அல்ல. முன்பக்கத்தை உயர்த்தி, குனியாமல் நுழையும்படி விடுவேன். எல்லாருடைய பையையும் அதன் கீழே வைக்கச் சொல்வேன். அதன் ஓரத்தில் அடுப்பைப் பற்றவைத்துத் தேத்தண்ணி போடுவேன். மழை வரும்போது பாதிப்பேர் ஏற்கெனவே உள்ளே இருப்பார்கள். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. பையைப் பார்க்க வந்தவன், தேத்தண்ணிக்கு வந்தவன் என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு காரணம் இருக்கும். யாருடைய கூரை பொத்தலானது என்று அங்கே பேச்சே எழாது.

‘அப்படியென்றால் மூன்றாவது அகலம் எங்கே? நான்காவது?’ என்று ஒரு தங்கை என்னிடம் கேட்டாள். கூர்மையான கேள்வி. ஓர் ஆளுக்கு இடம் வைப்பது கடமை என்றால் பத்து ஆளுக்கு ஏன் இல்லை? ‘முடிந்த அளவு’ என்று மழுப்பலாம். அது பதில் ஆகாது. எல்லாருக்கும் முடிந்த அளவு என்பது எப்போதும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்! என் கணக்கு இது. என் சுமையை இன்னொருவர் வாங்கிச் சுமக்க வேண்டிய நிலை வரக்கூடாது. ஒன்றுமே கொண்டுவராதவன் பிறர் கூரைக்குள் வருகிறான். எல்லாருக்கும் கொண்டுவந்தவன் பாதி வழியில் பையைப் பிறரிடம் கொடுக்கிறான். இரண்டு பேரும் பிறர் முதுகில்தான் நடக்கிறார்கள். முந்தையவனைத் திட்டுகிறோம், பிந்தையவனைத் தியாகி என்கிறோம். 400 கிராம் என் முதுகுக்குத் தெரியவில்லை. 2 கிலோ தெரியும். அதனால் இரண்டு அகலம். பலசாலி ஒருவன் மூன்று அகலம் தைக்கட்டும். முழங்கால் வலி உள்ளவர் ஒற்றை அகலத்தோடு வரட்டும், அவரை யாரும் சுயநலக்காரர் என்று சொல்லக்கூடாது. அண்ணனுக்கு முழங்கால் வலி உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. இந்தத் தார்ப்பாயோடு இதுவரை ஏழு மலைக்குப் போயிருக்கிறேன். வேறொருவர் அதன் கீழே படுத்துத் தூங்கியது இரண்டே தடவை. மற்ற ஐந்து தடவையும் அந்த 200 கிராமைச் சும்மாதான் ஏற்றி இறக்கினேன். வீண் என்று சொல்லலாமா? அம்மா மடித்துவிட்ட துணி எல்லாப் பிள்ளைக்கும் பயன்பட்டதில்லை. சிலர் வளரவில்லை, சிலர் பள்ளி மாறினார்கள், சில சட்டைகள் பிரிக்காமலே பழசாகின. அந்தச் சட்டைகளை அவர் அளவு தவறித் தைத்தார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். உண்மையைச் சொன்னால், அந்த ஐந்து தடவையும் அகலமான கூரைக்குக் கீழே நான்தான் சுகமாகப் படுத்தேன். பை நனையவில்லை, சாரல் முகத்தில் அடிக்கவில்லை. பிறருக்கென்று வைத்த இடத்தில் எனக்கும் லாபம் இருக்கும்போது அதைக் கொடை என்று சொல்ல முடியுமா என்று சிலர் நுணுக்கமாகக் கேட்பார்கள். முடியாது என்றால் வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். கீழே படுத்தவனுக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை.

நுவாங்கில் நனைந்த தம்பி இப்போது தானே ஒன்று தைக்கிறான், அதே சிங்கரில். நைலான் ஈரத்தில் ஊறித் தொய்கிறது, நடு இரவில் எழுந்து கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டியிருக்கிறது என்று நான் புலம்பியதைக் கேட்டு அவன் பாலியஸ்டரில் போகிறான். அது அவ்வளவாகத் தொய்வதில்லை. எத்தனை அகலம் என்று நான் கேட்கவில்லை. வாங்கிய துணி 6 மீட்டர் என்று அம்மா சொன்னார்.

நீங்களும் தைக்க நினைத்தால் சில விஷயம். பருத்தி நூல் வேண்டாம், ஈரத்தில் மக்கிவிடும். பாலியஸ்டர் நூல் வாங்குங்கள். குண்டூசியைத் துணியின் நடுவில் குத்தாதீர்கள், அந்த ஓட்டை மூடாது. கவ்விகளைப் பயன்படுத்துங்கள். தையலை மிக நெருக்கமாக வைக்காதீர்கள், தபால்தலையின் ஓரம்போல் கிழிந்துவிடும். மூலைகளுக்கு அதே துணியில் ஒட்டுப் போட்டு, நாடாவை முன்னும் பின்னுமாகப் பல தடவை ஓட்டித் தையுங்கள். காற்றின் இழுப்பு முழுக்க அங்கேதான் விழும். சில்நைலான் விலாங்கு மீன் மாதிரி வழுக்கும். முதல் நாள் யாராவது ஒருவர் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டால் நல்லது. எங்கள் வீட்டு இயந்திரம் சனிக்கிழமை மாலையில் சும்மாதான் இருக்கிறது.